ஐந்து அணுக்கள் போதும், குமுதா

என் பக்கத்து நாற்காலிக்காரி குமுதாவுக்கு,

நலமா என்று எழுதத்தான் கை போகிறது. அதைக் கேட்க முடியாத இடத்துக்கு நீ போய்விட்டாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கட்டுரை அச்சில் வந்துவிட்டது. முதல் பெயர் உன்னுடையதுதான். ஆனால் நீ எழுதிய முடிவு அதில் இல்லை. அதற்கு நேர்மாறானது இருக்கிறது. அது மாறியதில் எனக்கும் பங்கு உண்டு.

இதை உன்னிடம் நானே சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதற்கிடையில் உன் கல்லூரி ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி உன் துறையில் கேட்டார்கள். நான் உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவன். உன்னைப் பற்றிப் பிறரிடம் பேச எனக்கு வராது. உன்னிடம் பேசுகிறேன், கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்றேன். சரி என்றார்கள்.

நம் கடையின் மூலை மெஷின் உனக்கு நினைவிருக்கும். இல்லாமல் எப்படி? நீ வாரம் முழுக்கக் கல்லூரியில் பாடம் நடத்தினாய், சனிக்கிழமை சென்னைக்குப் போய் உன் கைடு அம்மாவைப் பார்த்தாய், மற்ற நேரமெல்லாம் அந்த மூலையில்தான் இருந்தாய். பகுதி நேர ஆராய்ச்சி என்று பெயர். கணக்குப் போட பல்கலைக்கழகத்தில் நல்ல மெஷின்கள் இருந்தன. ஆனால் அங்கே போய்வரவே ஒரு நாள் ஓடிவிடும். "நம்ம கடையிலயே ஒண்ணு குடுங்களேன்" என்று நீ கேட்டாய். ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியை வைத்து அதில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் ஓடும். பரீட்சை ரிசல்ட் பார்க்க வருகிறவர்கள், அந்த மெஷினுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பார்கள். நீயும் கூடவே சிரிப்பாய்.

முதல் கொஞ்ச மாதம் நீ என்ன செய்கிறாய் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் புரியாது என்று பயம். பிறகு ஒரு நாள், மழை பெய்து கடையில் ஆளே இல்லாத மத்தியானம், கேட்டுவிட்டேன்.

"இன்னாதான் கணக்கு அது? நேத்துலருந்து ஓடிக்கினே கீதே."

"உக்காருங்க, சொல்றேன்" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாய். "இந்த ரூம்ல கீற காத்துல ஒவ்வொரு அணுவும் துப்பாக்கிக் குண்டு மாதிரி ஓடிக்கினு கீது. லேசர் வெளிச்சத்தால அதைத் தடுத்துத் தடுத்து, நகரவே நகராத மாதிரி பண்ணிடலாம். அவ்ளோ குளிரு. ஆகாசத்துல தேடினாலும் அந்தக் குளிரு கெடைக்காது. அப்புறம் வெளிச்சத்தாலயே வரிசையா குழி பண்ணி, அதுல நாலஞ்சு அணுவ வுடுவாங்க. அது குழிக்குக் குழி தாவும். ரெண்டு அணு ஒரே குழிக்கு வந்துட்டா ஒண்ணை ஒண்ணு தள்ளும். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க. வெறும் தாவறது மட்டும் இருந்தா அமைதி. வெறும் தள்ளறது மட்டும் இருந்தாலும் அமைதி. ரெண்டும் ஏறக்குறைய சமமா இருக்கச்சேதான் பேஜாரு."

வகுப்பில் அதை நீ ஒழுங்கின்மை என்று சொல்வாய். கருத்தரங்கில் குவாண்டம் கேயாஸ் என்பாய். என்னிடம் மட்டும் அதற்குப் பேர் பேஜாரு. எனக்கு இன்றைக்கும் அந்தச் சொல்தான் வருகிறது.

அந்த மத்தியானமே நீ படத்தையும் காட்டினாய். அந்த அணுக்கள் எந்தெந்த ஆற்றலில் இருக்க முடியும் என்று கணக்கு சொல்லும். ஒவ்வொன்றும் ஒரு கோடு. பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து, சின்ன இடைவெளி எத்தனை, பெரிய இடைவெளி எத்தனை என்று தூண் தூணாக வரைவாய், சின்ன இடைவெளிகளின் தூண் இடது ஓரத்தில். அமைதியாக இருக்கும் கூட்டத்தில் கோடுகள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டுகூட நிற்கும். அதனால் படத்தின் இடது ஓரம் மேடாக இருக்கும். கேயாஸ் வந்துவிட்டால் எந்தக் கோடும் இன்னொன்றைக் கிட்டே விடாது. இடது ஓரத்தில் பள்ளம் விழும்.

"நீங்க வேற ஒண்ணும் பார்க்க வேணாம். இடது ஓரத்த மட்டும் பாருங்க. பள்ளம் கீதா, இல்லியா" என்றாய். அன்றிலிருந்து நான் அதை மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அதற்குமேல் உன் படிப்பு எனக்கு எட்டவில்லை.

பெரிய கூட்டத்தில் பள்ளம் விழும் என்று வெளிநாட்டில் சிலர் ஏற்கெனவே காட்டிவிட்டார்கள். உன் கேள்வி வேறு. எவ்வளவு குறைந்த பேர் இருந்தால் போதும்? பத்தா, ஐந்தா, மூன்றா? எந்த எண்ணிக்கையில் அமைதி கெடுகிறது? பெரிய கூட்டத்தைப் போட நம் மெஷினில் மெமரி இல்லை என்பதும் ஒரு காரணம். அதை நீ யாரிடமும் மறைக்கவில்லை. "நம்மகிட்ட கீற மெஷினுக்கு ஏத்த கேள்வி" என்று சொல்லிக்கொள்வாய்.

ஐந்து அணுக்களைப் போட்டாய். பள்ளம் விழவில்லை. தள்ளும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாய். இடது ஓரம் மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் தட்டையாகவே இருந்தது. நான்கைப் போட்டாய், அப்படியே. "ஆளு பத்தலைங்க. அஞ்சு பேரை வெச்சிக்கினு முழு பேஜாரு வரவே வராது" என்றாய். அன்று உன் முகம் தெளிந்துதான் இருந்தது. திருப்புட்குழியில் உன் பிறந்த வீட்டில் ஒரே கூரையின் கீழ் எத்தனை பேர், எத்தனை சண்டை என்று நீ சொல்லியிருக்கிறாய். நமக்குக் குழந்தை இல்லை என்று யாராவது இழுத்துப் பேசினால், "கொஞ்சம் பேரா இருக்கறது நல்லதுதான்" என்று சொல்லி எழுந்து போய்விடுவாய். அந்த முடிவு உனக்குப் பிடித்திருந்தது என்றுதான் எனக்குப் பட்டது. நான் நினைத்தது தப்பாகவும் இருக்கலாம். இனி யாரிடம் கேட்பது?

கட்டுரையை எழுதி, கைடு அம்மா திருத்தி, வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினீர்கள். ஐந்து அணுக்களில் ஒழுங்கின்மை இல்லாமை என்பது போன்ற ஒரு தலைப்பு. டயல்-அப் தொடர்பு இரண்டு முறை அறுந்து மூன்றாவது முறை போய்ச் சேர்ந்தது. அதற்கு நீ எனக்கு மசால் வடை வாங்கிக் கொடுத்தாய்.

பதில் வரும் முன்பே நீ போய்விட்டாய்.

அந்த நாளைப் பற்றி நான் நிறைய எழுதப் போவதில்லை. மாணவர்களின் ஆய்வக ரெக்கார்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது தலை வலிக்கிறது என்று சொல்லி மேஜையில் சாய்ந்தாயாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று காஞ்சிபுரத்தில் டாக்டர் சொன்னார். நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் நீ புறப்படும்போது, "பிரிண்டருக்கு இங்க் வாங்கிடுங்க" என்றாய். நான் ஆகட்டும் என்றேன். நாம் கடைசியாகப் பேசியது அது.

காரியம் முடிந்து கடையைத் திறந்தேன். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். மூலை மெஷினில் மட்டும் யாரையும் உட்கார விடவில்லை. தினமும் காலையில் அதைப் போட்டு, உன் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பேன். உனக்குப் பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்ததே நான்தானே. உனக்கு வரும் விளம்பரங்களைக்கூட அழிக்க மனசு வராது. உனக்கென்று இன்னும் யாரோ எதையோ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பது ஒரு மாதிரி துணையாக இருந்தது.

அப்படித்தான் ஒரு காலையில் பத்திரிகையின் பதில் வந்து கிடந்தது. கட்டுரையைப் படித்துப் பார்த்த யாரோ ஒருவர் கேள்வி கேட்டிருந்தார். பெயர் இல்லை, அது வழக்கமாம். இங்கிலீஷ் புரிந்தது, விஷயம் புரியவில்லை. ஆனால் அதில் மரியாதைக் குறைவாக ஒன்றும் இல்லை என்பது மட்டும் புரிந்தது. அச்செடுத்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினேன். உன் கைடு அம்மாவை அதற்குமுன் நான் உன் சாவு வீட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நியாயமான கேள்விங்க வரதன். எனக்கே தோணியிருக்கணும்" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து வரிசையாகக் குழிகள் வரைந்தார். "இந்த வரிசைய கண்ணாடியில பார்த்தா எப்படி இருக்கும்?"

"அதே மாதிரிதான் இருக்கும் மேடம்."

"ஆமா. இடம் வலமாகும், வலம் இடமாகும், வரிசை மாறாது. அதனால அந்தக் கோடுகள் எல்லாம் ரெண்டு குடும்பமா பிரியும். கண்ணாடியில அப்படியே இருக்கிற குடும்பம் ஒண்ணு, தலைகீழா மாறுற குடும்பம் ஒண்ணு. ஒரு குடும்பத்துக் கோடு இன்னொரு குடும்பத்துக் கோட்டைக் கண்டுக்கவே கண்டுக்காது. பக்கத்துல வந்து நின்னாலும் விலகாது. ஒரே குடும்பத்துக்குள்ளதான் விலகும். குமுதா ரெண்டையும் ஒண்ணா கலந்து அளந்திருக்காங்க. கலந்து அளந்தா பள்ளம் இருந்தாலும் தெரியாது, மூடிடும். பிரிச்சு அளந்தீங்களானு இவர் கேக்கிறார்."

"பிரிச்சா பள்ளம் விழுமா மேடம்?"

"விழலாம். விழாமலும் இருக்கலாம். ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்." அவர் தாளை மடித்தார். "இன்னொரு வழியும் இருக்கு. ஆசிரியர் காலமாயிட்டாங்கனு எழுதிக் கட்டுரைய வாபஸ் வாங்கிடலாம். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அவங்க பேருக்கு ஒரு குறையும் வராது. நீங்க அவங்க வீட்டுக்காரர். உங்க விருப்பம்தான்."

உன் பேருக்கு ஒரு குறையும் வராது. திரும்பி வரும் பஸ்ஸில் அந்த ஒரு வரியையே நினைத்துக்கொண்டு வந்தேன். செங்கல்பட்டு தாண்டும்வரை வாபஸ் வாங்குவது என்றுதான் இருந்தேன். அதற்குப் பிறகு உன் குணம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு மாணவிக்கு மார்க் கூட்டியதில் தப்பு என்று தெரிந்ததும், லீவு நாளில் அந்தப் பெண்ணின் ஊருக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தவள் நீ. வாபஸ் வாங்கினால் உன் பேர் நிற்கும். உன் கேள்வி நிற்காதே. மறுநாள் கைடு அம்மாவுக்கு போன் பண்ணி, ஓட்டிப் பார்க்கலாம் மேடம் என்றேன். என்னென்ன மாற்ற வேண்டும் என்று அவரே உன் புரோகிராமில் சில வரிகளை எழுதி அனுப்பினார். நான் செய்ததெல்லாம் அதை ஏற்றி, ஓடு என்று சொன்னதுதான்.

முதல் தடவை பாதியில் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு அதுவும் படுத்துவிட்டது. உனக்கு இப்படி எத்தனை முறை போயிருக்கிறது, ஒரு முறைகூட நீ சலித்துக்கொண்டதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்போதெல்லாம் நான்தான் மின்வாரியத்தைத் திட்டுவேன்.

இரண்டாவது தடவை அது ஓடிக்கொண்டிருந்த அன்று என் அம்மா சாலவாக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தது. தூக்குவாளியில் சாப்பாடு. நீ போனதிலிருந்து வாரத்துக்கு ஒரு முறை வந்துவிடும். என்னைச் சாப்பிட வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தது.

"மானாம்பதியில ஒரு பொண்ணு கீதுடா. புருஷன் செத்துட்டான். கொயந்த இல்ல. அடக்கமான பொண்ணு" என்றது.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அம்மா மூலை மெஷினைப் பார்த்தது.

"இன்னாடா அது, ஆளே இல்லாம ஓடிக்கினு கீது?"

"குமுதா கணக்கும்மா."

அம்மா கொஞ்சம் பயந்ததைப் பார்த்து, விளக்கிச் சொன்னேன். அவள் போட்ட கணக்கில் ஒருவர் சந்தேகம் கேட்டிருக்கிறார், சரியா தப்பா என்று சாயங்காலம் தெரியும் என்றேன்.

"தப்புன்னு வந்தா?"

"தப்புன்னு எழுதி அனுப்பணும்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தாம்மா. புஸ்தகத்துல வரும்."

உன்னோடு அம்மாவுக்கு ஆயிரம் குறை இருந்தது. சமையல் பண்ண மாட்டாள், சாயங்காலம் விளக்கேற்ற வீட்டில் இருக்க மாட்டாள் என்று என்னென்னவோ சொல்லும். ஆனால் அன்றைக்கு அது உனக்காகத்தான் பேசியது.

"செத்தவ மேல குத்தம் சொல்றதுக்கு, நீயே மிஷின ஓட வுட்டுட்டு காத்துக்கினு குந்தினு கீறியா? நல்லா படிச்சவனு ஊரு பூரா பேரு எடுத்துட்டுப் போச்சு அந்தப் பொண்ணு. அது அப்படியே இருக்கட்டும்டா. நிறுத்திடு."

"அவ இருந்தா அவளே ஓட வுட்டிருப்பாம்மா."

"இருந்தா பண்ணட்டும். இல்லியே."

அம்மா தூக்குவாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பியது. நான் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மெஷினை நிறுத்தவில்லை.

சாயங்காலம் கணக்கு ஓடி முடிந்தது. கடையில் ஒரு லாரி டிரைவர் தன் மகளின் ஹால் டிக்கெட் அச்செடுக்கக் காத்திருந்தார். அவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு மூலைக்குப் போனேன். படத்தைத் திறக்கக் கை வரவில்லை. அப்புறம் திறந்தேன்.

பள்ளம், குமுதா. இடது ஓரத்தில் நன்றாக, ஆழமாக, சந்தேகமே இல்லாமல் பள்ளம். இரண்டு குடும்பங்களையும் பிரித்ததும் ஒவ்வொன்றுக்குள்ளும் கோடுகள் ஒன்றையொன்று தள்ளிவிட்டு விலகி விலகி நின்றன. ஐந்து அணுக்களில் முழு பேஜாரு. நான்கைத் திறந்தேன், அதிலும் பள்ளம். மூன்றில் மட்டும் ஒன்றும் சொல்ல முடியவில்லை, புள்ளிகள் குறைவு.

நான் தலையைத் திருப்பினேன். பழக்கம். "குமுதா, இங்க பாரு" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நாற்காலி காலியாக இருந்தது.

நீ அந்த மூலையில் உட்கார்ந்த நாளிலிருந்து உன் கணக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் உனக்குத் தெரிந்த பிறகு தெரிந்ததுதான். அன்றைக்குத்தான் முதல்முறையாக, உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது. அதுவும் உன் கணக்கிலேயே. நீ போன அன்றுகூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை. அன்று கூட்டம் இருந்தது, அழ ஆள் இருந்தார்கள். இதை யாரிடம் சொல்வது? உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் நிற்கும் எவரைப் பிடித்து நிறுத்தி, ஐந்து அணுவிலேயே பள்ளம் விழுந்துவிட்டதய்யா என்று சொல்வேன்? லாரி டிரைவர் சில்லறைக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தார். "இன்னா சார், ஒடம்பு சரியில்லியா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

உன் முடிவு தப்பு என்று தெரிந்தபோது உன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இதைப் பார்க்காமல் போய்விட்டாயே என்ற ஆதங்கம்தான் வந்தது. நீ பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாய்? முகம் சுருங்கியிருக்குமா, அல்லது குதித்திருப்பாயா? இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்கு அது நிச்சயமாகத் தெரியவில்லை.

படங்களைக் கைடு அம்மாவுக்கு அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது.

"வரதன், பார்த்தேன். முடிவு தலைகீழாயிடுச்சு. ஆனா அவங்க கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சிருக்கு. அஞ்சே போதும். ஏன், நாலே போதும்னு வருது" என்றார். பிறகு தயங்கினார். "தலைப்பு மாறணும். 'இல்லாமை'ங்கிற சொல்லை எடுக்கணும். எடுத்துடலாமா?"

ஒரு சொல்தான். நீ அதை எத்தனை முறை மாற்றி மாற்றி வைத்தாய் என்று எனக்குத் தெரியும். எடுத்துடுங்க மேடம் என்றேன்.

அன்று அம்மாவும் பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டது.

"இன்னாடா ஆச்சு அந்தக் கணக்கு?"

"தப்புன்னு வந்துச்சும்மா. எழுதிட்டோம்."

"சாப்ட்டியா?" என்றது அம்மா.

மானாம்பதி பேச்சை அம்மா அதன்பிறகு எடுக்கவில்லை என்று எழுத ஆசைதான். எடுக்கிறது. போன வாரம்கூட எடுத்தது. நான் இல்லை என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. உன்னிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. வீட்டில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்குகிற வேலை இன்னும் ஓயவில்லை. அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

கட்டுரை அச்சான பிரதியைக் கைடு அம்மா தபாலில் அனுப்பினார். உன் பெயருக்கு மேலே ஒரு சின்னக் குறி போட்டு, கீழே நீ காலமானதைச் சொல்லியிருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு திருப்புட்குழிக்குப் போனேன். உன் அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்து, "எங்க புள்ள பேரு எங்க கீது, காட்டுங்க மாப்ள" என்றார். அவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். உன் பெயர் நீளமானது இல்லை. இருந்தாலும் அவர் விரல் அதைக் கடக்க வெகுநேரம் ஆனது.

"இன்னா கண்டுபுடிச்சுது எங்க புள்ள?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு வழியெல்லாம் பதில் தேடிக்கொண்டு வந்திருந்தேன். அவள் ஒன்று நினைத்தாள், அது வேறாக வந்தது என்று சொல்லலாம். நினைத்ததைவிட, கேட்டதுதான் பெரிது என்று சொல்லலாம். கடைசியில் சுருக்கமாகத்தான் வந்தது.

"ஒரு எடத்துல அமைதி கெடணும்னா நெறைய பேரு வேணும்னு நெனச்சிக்கினு இருந்தாங்க மாமா. நாலஞ்சு பேரே போதும்னு உங்க பொண்ணோட கணக்கு காட்டிடுச்சு."

உன் அப்பா தாளிலிருந்து விரலை எடுக்கவில்லை. "நாலஞ்சு பேரு எதுக்கு? அவ ஒருத்தி போதுமே எங்க வூட்டுக்கு" என்றார். சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஊர்ச் செய்தி சொல்ல வேண்டுமென்றால், ஏரி இந்த வருஷம் நிரம்பியது. உன் கல்லூரியில் உன் இடத்துக்கு ஒருவர் வந்திருக்கிறார், நல்லவர் என்கிறார்கள். கடையில் கூட்டம் குறைந்துகொண்டு வருகிறது. இன்னும் சில வருஷத்தில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்துவிடும், அப்போது என் கடைக்கு யார் வருவார்கள்? மற்ற மெஷின்களை விற்றாலும் விற்பேன்.

அடுத்த மாதம் சென்னையில் ஒரு கருத்தரங்கு. உன் கட்டுரையைக் கைடு அம்மா வாசிக்கிறார். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். அங்கே எனக்கு என்ன வேலை என்று முதலில் மறுத்தேன். "அவங்க சார்பா ஒருத்தர் இருக்கணும்" என்றார். அந்தக் கூட்டத்தில் எனக்கு யாரையும் தெரியாது. பேசுவது பாதி புரியாது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கப் போகிறேன்.

வாசித்து முடித்ததும் கேள்வி நேரம் வருமாமே. யாராவது எழுந்து நின்று உன் ஐந்து அணுக்களைப் பற்றி ஏதாவது கேட்பார்கள். எனக்குப் பதில் தெரியாது. அந்தக் கேள்வியை ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்டுக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து, பூட்டிய வீட்டைத் திறந்து, உள்ளே வந்து உன்னிடம் சத்தமாகச் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் வூட்டுக்காரன்
வரதன்